சிங்கப் பாறையில் உரோமக் காசு

சீகிரியாவுக்கென்றே புறப்பட்டோம், ஆனால் முதலிற் கண்டது கலாவாவியை. யாழ்ப்பாணத்திலிருந்து முன்னிரவிற் புறப்பட்ட எமது வண்டி, வவுனியாவையும் மதவாச்சியையும் எம் உறக்கத்தினூடே கடந்து, கெக்கிராவையில் பெருவீதியை விட்டு மேற்கே திரும்பி வாவியின் அணைக்கட்டில் வந்து நின்றபோது, கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. தங்கை கூடையைத் திறந்து தேநீர்க் குடுவையை எடுத்தாள். அவளுடைய மகள், உயர்தர வகுப்பில் வரலாறு பயில்பவள், நித்திரை கலையாத குரலில், "மாமா, சீகிரியாவில் தங்கக் காசு எந்த இடத்தில் அகப்பட்டது?" என்று வினவினாள்.

அவளுடைய பாடநூலில் 'உரோம நாணயங்கள்' என்று மட்டுமே இருந்தது. தங்கம் என்ற சொல்லை அவள் மனம் தானே கூட்டிக்கொண்டது. உரோமபுரி என்றதும் எவர் மனமும் அவ்வாறுதான் செய்யும். பிழையை உடனே திருத்தாமல், "மலையுச்சியில் சொல்கிறோம். இப்பொழுது இந்தத் தண்ணீரைப் பார்" என்றோம்.

அந்தத் தண்ணீருக்கும் சீகிரியாவுக்கும் ஓர் உறவு உண்டு. 5 ஆம் நூற்றாண்டில் இவ்வாவியைக் கட்டுவித்தவன் தாதுசேன மன்னன். அவன் மகன் காசியப்பன், படைத்தலைவன் மிகாரனுடைய தூண்டுதலினால் தந்தையைச் சிறையிலிட்டு, ஒளித்து வைத்த பொருளையெல்லாம் காட்டும்படி கேட்டான். காட்டுகிறேன் என்று இசைந்த கிழமன்னன், காவலருடன் இக்கரைக்கு வந்து, நீரில் இறங்கிக் குளித்து, இரு கையாலும் தண்ணீரை அள்ளிக் காட்டி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்றானாம். சூளவம்சம் கூறும் வரலாறு இது. பொன்னை எதிர்பார்த்திருந்த மகன் சினந்தான். தந்தையைச் சுவரோடு சேர்த்து மண்ணிட்டுப் பூசிக் கொல்வித்தான் என்றும் அந்நூல் சொல்கிறது. பின்னர் அநுராதபுரத்தில் இருக்க அஞ்சி அவன் சென்று குடிகொண்ட இடந்தான் சீகிரியா. ஆண்டது 477 முதல் 495 வரை, 18 ஆண்டுகள்.

கதையைக் கேட்ட மருமகள் கரையோரம் இறங்கி ஒரு கை நீரை அள்ளினாள். கையிடுக்கால் அது வழிந்தோடியது. வண்டி புறப்பட்டது.

தம்புள்ளையைத் தாண்டித் திருகோணமலை வீதியில் இனாமலுவைச் சந்தியிற் கிழக்கே திரும்பினால், சிறிது தூரத்தில் மரங்களுக்கு மேலாகப் பாறை தலைகாட்டுகிறது. சமவெளியிலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் உயரம் செங்குத்தாய் எழும் அக்கற்றூணைப் பலமுறை படத்திற் பார்த்திருந்தும் நேரிற் கண்டபோது பேச்சு நின்றுவிட்டது. 1982 இல் யூனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மேற்கு வாயிலால் அகழியைக் கடந்தால் நீர்ப்பூங்கா. 15 நூற்றாண்டுகளுக்கு முன்னர் நிலத்தடியில் அமைத்த நீர்வழிகள் இன்றும் அடைபடவில்லை. மாரியில் கற்றட்டின் துளைகளிலிருந்து நீர் பொங்குவதுண்டு. நாம் சென்றது கோடையாதலால் துளைகளை மட்டுமே கண்டோம்.

சுருட்படி ஏறி ஓவியக் குகைக்குச் சென்றபோது மருமகளின் கண் முகங்களிற் செல்லவில்லை, நகைகளிற் சென்றது. எஞ்சியுள்ள இருபது வரையிலான அப்பெண்ணுருவங்கள் முகிலுக்குள்ளிருந்து இடைக்கு மேலே எழுந்து நிற்கின்றன. முடியும், தோடும், அட்டிகையும், கைவளையும் மஞ்சள் வண்ணத்தில் மின்னுகின்றன. "இவ்வளவு தங்கமும் எங்கிருந்து வந்தது?" என்றாள். அடுத்துள்ள கண்ணாடிச் சுவரிலும் அத்தகைய வியப்புகளே கீறப்பட்டிருக்கின்றன. 8 ஆம் நூற்றாண்டு முதல் 10 ஆம் நூற்றாண்டு வரை வந்து போனோர் எழுதிய சிங்களப் பாடல்களுள் 685 ஐப் பேராசிரியர் பரணவிதான வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். இப்பொழுது எவரும் அச்சுவரைத் தொடலாகாது. தொட்டு எழுதிய அக்காலத்தாரைக் கடிந்துகொள்ள மட்டும் மனம் வருவதில்லை!

சிங்கத்தின் பாதங்களைக் கடந்து, வெயில் உச்சிக்கேறுமுன் மலைமுடியை அடைந்தோம். அரண்மனையின் அடித்தளச் செங்கற்களும் பாறையிற் குடைந்த பெருந்தடாகமும் அங்கே எஞ்சியிருக்கின்றன. தடாகத்தருகே ஒரு சுவரின் நிழலில் அமர்ந்து, கையோடு கொண்டுசென்ற காசுப் படங்களை விரித்தோம். "இங்கே கிடைத்தவை இவைதாம்" என்று ஒரு படத்தைக் காட்டினோம். மருமகளின் முகம் வாடியது. படத்தில் இருந்தவை தேய்ந்து கறுத்த செப்புக் காசுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. நிறை ஒரு கிராமுக்குச் சற்று அதிகம்.

உண்மை அதுவே. 1890களில் தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் சீகிரியாவை அகழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரோமக் காசுகள் வெளிவந்தன. அவருடைய உதவியாளராயிருந்த ஜோன் ஸ்டில், இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளைப் பற்றி அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் விரிவான கட்டுரை எழுதினார். அவர் காலந்தொட்டு ஆராய்ந்தோர் கண்டது ஒன்றே: இத்தீவில் அகப்படும் உரோமக் காசுகளுள் மிகப் பெரும்பாலானவை 4 ஆம், 5 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புச் சில்லறை. பொன் மிக அரிது. 1574, 1575 ஆம் ஆண்டுகளில் மாதோட்டத்தில் பழங்கட்டடங்களை இடித்தபோது செப்புக் காசுகளோடு ஒரு பொற்காசும் அகப்பட்டதென்றும், அதன் எழுத்து கிளாடியஸ் மன்னனைக் குறிக்கிறதென்றும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூத்தோ எழுதிவைத்தார். அக்காசு இன்று எங்குமில்லை.

பொன்னைத் தேடுவோர் பாக்குநீரிணைக்கு அப்பால் நோக்க வேண்டும். 1898 இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் ஒரு பானைக்குள் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. மிளகுக்காகப் பொன்னோடு வந்த யவனர் மரக்கலங்களை அகநானூற்றின் 149 ஆம் பாட்டு அறியும். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை விழுங்குகிறதென்று உரோமாபுரியிலிருந்து பிளினி முறையிட்டதும் அக்காலத்தையே. அவ்வாறு வந்த அகஸ்தஸ் மன்னனுடைய காசு வகை ஒன்றில், முகப்பிலே இலைமாலை சூடிய தலை. மறுபுறத்தில் அவன் பேரர் இருவர் நடுவே கேடயங்களையும் ஈட்டிகளையும் நிறுத்தி நிற்கின்றனர். அடுத்து ஆளப்போகிறவர் இவர்களே என்று ஒரு பேரரசுக்கு அறிவிக்க அப்படமே போதுமாயிருந்தது. அவ்விருவரும் ஆளாமலே இளமையில் மாண்டனர். காசு மட்டும் தமிழகத்தில் நெடுங்காலம் நடமாடியது. திபேரியஸ் காசின் பின்புறத்திலே செங்கோலும் தளிர்க்கொம்பும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் மன்னனின் தாய் லிவியா என்பர். சமாதான தேவதை என்பாரும் உளர்.

புதுக்கோட்டைக் காசுகளிற் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் ஆழ வெட்டிய ஒரு கீறல் காணப்படுகிறது. அயல்மன்னன் முகத்தோடு இது இந்நாட்டிற் செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்பது அதன் பொருளென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எமக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. உருவத்தை வெட்டியவன் உருவத்தின் வலியை அறிந்திருக்கிறான்.

"அப்படியானால் காசியப்பன் காலத்தில் தங்கம் வரவே இல்லையா?" என்றாள் மருமகள். வந்தது. ஆனால் அது வேறு பொன். கொன்ஸ்தாந்தைன் பேரரசன் 4 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சொலிதஸ்' என்ற புதுக்காசை அடிப்பித்தான். ஓர் உரோம இறாத்தற் பொன்னுக்கு 72 காசு. ஒன்று ஏறக்குறைய 4½ கிராம். 11 ஆம் நூற்றாண்டு வரையில் அதன் தரம் பெரிதாகக் குலையவில்லை. காசியப்பன் இம்மலையில் வாழ்ந்த நாளிற் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆண்டவர்கள் சீனோவும் அவனுக்குப் பின் அனஸ்தாசியசும். சீனோவின் காசிலே மன்னன் பக்கவாட்டில் இல்லை. கவசமும் தலைச்சீராவும் பூண்டு எம்மை நோக்குகிறான். ஈட்டி அவன் தலைக்குப் பின்னாற் சாய்ந்திருக்கிறது. இடக்கைக் கேடயத்தில், உற்று நோக்கினால், எதிரியைக் குத்தும் குதிரைவீரன் ஒருவன் தெரிகிறான். மறுபுறத்தில் சிறகுள்ள வெற்றித் தெய்வம் நெடுஞ்சிலுவையைப் பிடித்து நிற்கிறாள். அருகே ஒரு விண்மீன். பழைய உரோமரின் தேவதை கிறித்தவச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் வேடிக்கையைக் காசு கூச்சமின்றிக் காட்டுகிறது. அடியில் ஐந்தெழுத்து: முன் மூன்றும் கொன்ஸ்தாந்திநோப்பிளைக் குறிப்பன, பின் இரண்டும் புடமிட்ட பொன் என்பன.

இக்காசு இலங்கை மன்னனொருவன் முன் சாட்சி சொன்ன கதை ஒன்றுண்டு. 6 ஆம் நூற்றாண்டின் நடுவில் நூலெழுதிய கொஸ்மாஸ் என்பவர், சோபத்தர் என்ற வணிகர் வாயிலாகவும் அவருடன் வந்தோர் வாயிலாகவும் கேட்டறிந்ததாகச் சொல்கிறார். செங்கடல் துறையாகிய அதூலிசிலிருந்து சோபத்தர் இலங்கைக்கு வந்த வேளையிற் பாரசீகக் கப்பலொன்றும் வந்தது. சுங்க அதிகாரிகள் இரு திறத்தாரையும் அரசனிடம் அழைத்துச் சென்றனர். உங்கள் மன்னருள் வலியவர் யார் என்று அரசன் கேட்டான். பாரசீகன் முந்திக்கொண்டு தன் மன்னனே என்றான். சோபத்தர் வாய் திறக்கவில்லை. நீ ஏன் பேசவில்லை என்று அரசன் வினவ, இரு மன்னரும் இங்கேயே இருக்கின்றனரே, நேரிற் பார்த்துக்கொள்ளலாமே என்றார் அவர். அரசனுக்கு விளங்கவில்லை. உரோமரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசும் அவன் கையில் வைக்கப்பட்டன. இருபுறமும் திருப்பிப் பார்த்த அரசன், உரோமரே மேலானவர் எனத் தீர்ப்பளித்து, சோபத்தரை யானைமேல் ஏற்றி முரசறைந்து ஊர்வலம் விடுவித்தான்.

சொன்னவர் உரோமத் தரப்பினர் என்பதை மறக்கலாகாது. பாரசீகன் சொல்லியிருந்தால் யானையில் வேறொருவர் ஏறியிருப்பார்! இதற்கு ஏறக்குறைய 5 நூற்றாண்டு முன்னரே பிளினியும் இத்தகைய கதையொன்றை எழுதியிருக்கிறார்: கடற்காற்றால் அடியுண்டு இலங்கைக்கு வந்த உரோமன் ஒருவனிடமிருந்த வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு மன்னர் தலைகள் இருந்தும் நிறை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, இந்நாட்டு அரசன் உரோமரின் நேர்மையை வியந்தானாம். கிளாடியஸ் மன்னனிடம் இலங்கைத் தூதர் சென்றதற்கு அதுவே காரணமென்கிறார். இரண்டும் ஒரே கதையின் இரு வடிவங்களோ என்ற ஐயம் அறிஞர்க்கு உண்டு. ஆயினும் பிளினியின் கதையே எமக்கு அதிகம் பிடித்தது. அவ்வரசன் உருவத்தில் மயங்கவில்லை; தராசில் இட்டுப் பார்த்தான்.

"சோபத்தரின் தங்கத்தைப் பெற்ற மன்னன் காசியப்பனா?" கொஸ்மாஸ் பெயர் சொல்லவில்லை. காலத்தைக் கணித்தால் அவனுக்குப் பின்வந்தோருள் ஒருவனாகலாம். காசியப்பனின் பொன் என்னவாயிற்று என்றால், பொன்னின் வழக்கமான கதிதான் ஆயிற்று. உருகியது, நகையாயிற்று, மீண்டும் உருகியது. குபேரன் அளகாபுரியில் வாழ்ந்ததுபோல் இம்மன்னன் இங்கே வாழ்ந்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. அச்சொல்லைப் பிடித்துக்கொண்டே, சீகிரியா குபேரனின் கைலைக் கோயிலாக அமைந்ததென்றும் மன்னன் தன்னைத் தெய்வமாகவே காட்டினானென்றும் பரணவிதான 1950 இல் வாதிட்டார். அதனை ஏலாதாரும் உளர். குபேரனுடைய சங்கநிதி, பதுமநிதி என்னும் குறளுருவங்களை அநுராதபுரத்து அபயகிரி வாயிலில் இன்றும் காணலாம். அத்தகைய அளகாபுரியின் மண்ணில் எஞ்சியது செப்புச் சில்லறை!

ஆனால் அச்சில்லறையைச் சற்று உற்று நோக்குமாறு மருமகளிடம் சொன்னோம். இலங்கையில் அகப்படும் இவ்வகைக் காசுகளில், வீழ்ந்த குதிரைவீரனை ஈட்டியாற் குத்தும் போர்வீரன் ஒன்றில் உண்டு. அதன் வாசகம் நற்காலம் மீண்டது என்பது. வேறொன்றில் வெற்றித் தெய்வம் ஒரு சிறைக்கைதியை இழுத்துச் செல்கிறாள். வாசகமோ நாட்டின் நலம்! மற்றொன்றில் மாலைக்குள் ஒரு சிலுவை மட்டும். இங்குள்ள சந்தையில் இவற்றை மாற்றியவர்களுள் அவ்வெழுத்தை வாசித்தவர் எவர் இருந்திருப்பர்? போதாக்குறைக்கு இந்நாட்டிலேயே அவற்றைப் பார்த்துப் போலிக் காசும் செய்தனர். போலிகளில் எழுத்து வெறுங் கோடாகி, மன்னன் முகம் இரு புள்ளியும் ஒரு வளைவுமாகிவிட்டது. எனினும் அவை செல்லுபடியாயின. மதுரையில் வைகை மணலிலும் கரூரில் ஆன்பொருநை மணலிலும் இவ்வகைச் செப்புக்காசுகள் ஏராளம், நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994 இல் அவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். இரு கரையிலும் ஒரே தேய்ந்த முகங்கள் ஒரே வகை விரல்களிற் புரண்டிருக்கின்றன.

சீகிரியாவில் இவற்றைத் தவறவிட்டவர்கள் யாரென்று சொல்ல இயலாது. காவலர், தோட்டக்காரர், கல்தச்சர் ஆகலாம். காசியப்பன் மாண்டபின் அவன் தம்பி மொகல்லானன் இவ்விடத்தைப் பிக்குகளுக்கு அளித்தானாதலின், அவர்களை நாடிவந்த அடியாராகவும் இருக்கலாம்.

தங்கை இதுவரையில் ஒன்றும் பேசவில்லை. இப்பொழுது மகளின் கழுத்துச் சங்கிலியைத் தொட்டு, "இதையும் மாமாவிடம் காட்டு" என்றாள். சங்கிலியிற் கோத்திருந்தது ஓர் ஆங்கிலப் பவுண் காசு. எமது அன்னையாரின் காசுமாலையில் எஞ்சிய ஒன்று. 1995 இல் வலிகாமத்தை விட்டுச் சனங்கள் ஓர் இரவில் வெளியேறியபோது அம்மாலை அவர் மடியில் இருந்தது. கிளிநொச்சியில் அரிசிக்கு ஒன்று, வவுனியாவில் வாடகைக்கு ஒன்று, தங்கையின் பல்கலைக்கழகப் படிப்புக்கு மூன்று என்று அது இழை இழையாகக் கழன்றது. விற்ற காசுகளெல்லாம் யாருடைய வளையலாயினவோ! அவற்றின் தடயம் எங்கும் இல்லை. அன்னையார் இருந்தவரையில் ஒருநாளாவது அவற்றை எண்ணி வருந்தியதை நாம் கண்டதில்லை. பேர்த்தியின் பூப்புனித நீராட்டின்போது கடைசிக் காசை அவர் தம் கையாலேயே கோத்து அணிவித்தார்.

மருமகள் அதைத் திருப்பிப் பார்த்தாள். ஒருபுறம் முடிசூடிய முகம். மறுபுறம் குதிரைமீதிருந்து பறவைநாகத்தைத் தாக்கும் புனித ஜோர்ஜ். பின் சீனோவின் கேடயத்திலிருந்த சிறு குதிரைவீரனைப் படத்திற் பார்த்தாள். "அதே ஆள்தானே மாமா?" என்றாள். அதே ஆள் அல்லன். ஆனாலும் அதே குதிரை என்று சொல்லலாம். நிறையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. அகஸ்தசின் பொற்காசும் எம் தட்டார் 'ஒரு பவுண்' என்று நிறுக்கும் எடையும் ஏறக்குறைய 8 கிராமே.

இறங்கி வண்டித் தரிப்பிடத்துக்கு வந்தபோது ஒருவர் எம்மை அணுகி, "மாத்தயா, பழைய காசு" என்று தாழ்ந்த குரலிற் சொல்லி, மடித்த தாளை விரித்தார். மூன்று சிறு செப்புத் துண்டுகளும் ஒரு மஞ்சட் காசும். மஞ்சள் போலி என்பது பார்த்ததுமே தெரிந்தது. விளிம்பில் வார்ப்புத் தையல் ஓடியிருந்தது. செம்போ பச்சைக் களிம்பேறி, படத்திற் கண்டவற்றைப் போலவே இருந்தது. ஒன்றில், வெயிலுக்குச் சாய்த்தால், இழுத்துச் செல்லும் ஓர் உருவமும் இழுபடும் ஓர் உருவமும் தெரிவனபோல் இருந்தன. விலையோ எமது மதிய உணவுச் செலவைவிடக் குறைவு. மருமகள் எம் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அக்கணம் எம் கையும் சட்டைப்பையை நோக்கிச் சென்றது.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நினைவில் இருந்தது என்று பெருமை பேசலாம். முதலில் நினைவுக்கு வந்தது அதுவன்று. கலாவாவிக் கரையில் மருமகள் கேட்ட, 'எந்த இடத்தில் அகப்பட்டது?' என்ற கேள்வியே வந்தது. அதையே அவரிடம் கேட்டோம். கையை விரித்து, வயல், குளம், காடு எல்லாம் ஒன்றாகும்படி ஒரு வட்டம் காட்டினார். எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் அருகில் என்று தெரியாத காசு, தன்னைப் பற்றியன்றி வேறெதைப் பற்றியும் பேசாது. பெல் துரையின் குறிப்பேட்டில் ஏறியதனாலன்றோ அந்தத் தேய்ந்த சில்லறை எம்மோடு அரைநாள் பேசியது! தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தோம். தொல்பொருள் அலுவலகத்தில் ஒப்படைக்கலாமே என்றதற்கு அவர் சிரித்தார், கோபிக்கவில்லை. அவருக்கும் அன்றைக்கு அரிசி வாங்க வேண்டியிருந்திருக்கும்.

வீதியோரத்திற் செவ்விளநீர் குடித்தோம். மருமகளே பணம் கொடுத்தாள். மீதியாகக் கிடைத்த சில்லறையைப் பையிற் போடுமுன் ஒவ்வொன்றாக எடுத்து இருபுறமும் திருப்பிப் பார்த்தாள். ஒருபுறத்தில் வாளேந்திய சிங்கம் இருந்தது. இளநீர்க்காரர், கணக்குப் பிழைத்துவிட்டதோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.